நானூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள்

ஜூன் 3

அன்பு அவசரக் குடுக்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் மணிக்கட்டு வலி தேவலையா? என் மருமகளுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா? உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால் நம் வழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

தலைபோகிற வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்களின் குவாண்டம் வேதியியலுக்குப் புதுப் பாடநூல் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருவர் யாரென்று எனக்குத் தெரியாது. எழுதியவர் பெயரும் தெரியாது, அதை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். முந்நூற்று நாற்பது பக்கம். நாங்கள் இருவரும் சரி என்றால் ஐந்து வருடத்துக்கு எல்லாக் கல்லூரியிலும் இதுதான். ஒருவர் வேண்டாம் என்றாலும் போயிற்று, பழைய புத்தகமே தொடரும்.

அந்தப் பழைய புத்தகத்தைப் போன தடவை தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பொருளடக்கத்தையும் முன்னுரையையும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அதன் பலனை ஐந்து வருடமாக வகுப்பில் நின்று அனுபவிக்கிறேன். பிள்ளைகள் சமன்பாட்டைத் தொலைபேசி எண் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பேன், ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்ப்பேன். பயமாகத்தான் இருக்கிறது. கெடு செப்டம்பர் பதினைந்து.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் பதில் போடு.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்காலுக்கு என் அனுதாபங்கள். என் மணிக்கட்டு மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, மற்றபடி குறையில்லை. பல் இன்னும் விழவில்லை. உன் மருமகள் பள்ளிக்கூடம் முழுக்க அதை ஆட்டிக் காட்டி வருகிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே துள்ளிக் குதித்தேன். அக்கா, அந்தப் புத்தகத்தில் முள்கரண்டி மாதிரி ஓர் எழுத்து பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகிறதா? வந்தால் அது நம் கடையில் டைப்செட் செய்தது! பாதியை இவள் அடித்தாள், பாதியை நான். பக்க வடிவமைப்பு முழுக்க நான். எழுதியவர் யாரென்று சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒன்பது வருடம் எழுதியிருக்கிறார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே எழுதியது. நான்கு மாதம் எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் கையெழுத்துப் போட்ட புரூஃபை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் சத்தியம் மாதிரி.

பதிப்பகத்துக்கு அனுப்பும்முன் நானும் தூசிதும்பு தட்டி, துடைத்து மெழுகித்தான் கொடுத்தேன். சின்ன வயதில் என் நோட்டைத் தூக்கிப் போட்டு "கவனம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?" என்பாயே, இப்போது பக்கம் பக்கமாகப் பார். இது நம் குடுக்கை செய்ததா என்று நீயே கேட்பாய்.

இரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடாதே. இவள் உன்னை விசாரித்தாள்.

அன்புடன்
தம்பி


ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது, நலமறிந்து சந்தோஷம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். ஆனாலும் இரண்டு நாளாக அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது, காரணம் உன் முள்கரண்டி.

முதலில் உன்னைப் பாராட்டிவிடுகிறேன். பக்கங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. முதல் நான்கு அத்தியாயமும் அருமை. பெட்டிக்குள் அடைபட்ட துகளை விளக்கும் இடத்தில், "இடத்தைக் குறுக்கக் குறுக்க அதன் ஆற்றல் ஏறும், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேரை உட்காரவைத்துப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். இந்தப் புத்தகம்தான் என்று மனதில் முடிவே செய்துவிட்டேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் தலையில் இடி விழுந்தது. வளையத்தில் ஓடும் எலெக்ட்ரான் எங்கே இருக்கும் என்று கணக்கிடும் பாடம். அதற்கு உன் முள்கரண்டியை (அலைச் சார்பு என்று பெயர்) தன்னோடு தானே பெருக்கக் கூடாது. அதன் இணையோடு பெருக்க வேண்டும். அந்த இணைக்கு அடையாளம் அதன் தலைமேல் ஒரு சின்ன நட்சத்திரம். முதல் நான்கு அத்தியாயத்தில் நட்சத்திரம் இல்லாவிட்டாலும் விடை மாறாது. வளையத்துக்கு வந்த பிறகு அது இல்லையென்றால் விடை பூஜ்யம். இந்தப் புத்தகத்தின்படி அந்த எலெக்ட்ரான் உலகத்தில் எங்குமே இல்லை!

ஓரிடத்தில் விட்டிருந்தால் அச்சுப்பிழை என்று பென்சிலால் குறித்துவிட்டு மேலே போயிருப்பேன். அத்தியாயம் முழுக்க ஓரிடத்தில்கூட இல்லை. கைதவறி விடுபடுவது இத்தனை ஒழுங்காக விடுபடாது. இது அறியாமை. அதைவிட மோசம், கடைசி விடைகள் மட்டும் சரியாக இருக்கின்றன. எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்.

அத்தான்கூடச் சொன்னார், "மிச்சத்தையும் படிச்சிட்டு முடிவு பண்ணேன்." "படிக்காம முடிவு பண்ணுவேனா? என்னை என்னன்னு நெனச்சீங்க?" என்று சண்டை போட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத்தான் அறிக்கை எழுதுவேன்.

பல் விழுந்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அத்தானும் நலமென்று நினைக்கிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மணிக்கட்டு வலிதான், வேறொன்றுமில்லை. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு மலர், ஓர் ஆண்டறிக்கை என்று வேலை நெட்டித் தள்ளுகிறது.

பேச்சுக்குக் கேட்கிறேன். அந்த நட்சத்திரம் அவ்வளவு முக்கியமா? எழுதியவருக்குத் தெரிந்தே இருந்து, எந்திரக் கோளாறு ஏதாவது நடந்து, அது மட்டும் விழாமல் போயிருக்க வழியுண்டா? எனக்கு இந்தப் படிப்பெல்லாம் புரியாது. சும்மா கேட்டேன்.

அறிக்கையை எப்போது அனுப்புகிறாய்? செப்டம்பர் பதினைந்துதானே கெடு? அதுவரை கையிலேயே வைத்திருப்பாய் அல்லவா?

இவள் விசாரித்தாள். அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். கையில் வலி என்றால் மருத்துவரிடம் காட்டு, என்னிடம் சாக்குச் சொல்லாதே. உன் எழுத்தைப் பார்த்தால் வலிக்கிற கை எழுதினது மாதிரி இல்லை.

நட்சத்திரத்தை மட்டும் பொறுக்கியெடுத்து விழுங்குகிற எந்திரம் எந்த ஊரில் இருக்கிறது? நீயே இந்தத் தொழிலில் இருக்கிறாய், உனக்குத் தெரியாதா? பக்கத்துக்குப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தாரே, உனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கிறது. எனக்குப் புரிகிறது. ஆனால் போன தடவை படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதன் பலனை அனுபவிப்பது என் பிள்ளைகள். நேற்று வகுப்பில் கடைசி வரிசைப் பெண் எழுந்து, "மேடம், எனக்கு இது புரியலைன்னு சொல்ற அளவுக்குக்கூடப் புரியலை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து அழுதாள்.

அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி இனி கேட்காதே, நியாயமில்லை.

மருமகளுக்கு முத்தம்.

அக்கா


ஆகஸ்ட் 29
(அனுப்பாத கடிதம்)

அக்கா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். அந்த எந்திரம் நான்தான்.

கடைசிப் புரூஃபில் அவர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பதிப்பகத்து வண்டி வாசலில் நின்றது. ஒரு பார்வை பார்ப்போம் என்று திறந்தேன். அங்கங்கே நட்சத்திரம். எங்கள் தொழிலில் நட்சத்திரம் என்றால் பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அடியைப் பார்த்தால் ஒரு குறிப்பும் இல்லை. முன்பு போட்டு, பிறகு குறிப்புகளை எடுத்துவிட்டு, நட்சத்திரத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "தேடு, நீக்கு" என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். "412 இடங்களில் நீக்கப்பட்டது" என்று திரையில் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாடா, கடைசி நேரத்தில் கண்ணில் பட்டதே என்று நினைத்தேன். அக்கா பார்த்தால் மெச்சுவாள் என்றுகூட நினைத்தேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்ததும்தான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. கையெழுத்துப் போட்ட பக்கங்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன், எல்லா நட்சத்திரமும் இருக்கின்றன. இவளிடம்கூடச் சொல்லவில்லை. பதிப்பகத்துக்குத் தெரிந்தால் இனி ஒரு பக்கம் தர மாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. "கவனம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?" என்று நீ மறுபடி கேட்பாய். இருபது வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சுகம். உன் மருமகளுக்கு ஒருவழியாகப் பல் விழுந்துவிட்டது. வகுப்பில் விழுந்ததால் எல்லோரும் மேஜைக்கடியில் புகுந்து தேடினார்களாம். இப்போது சிரித்தால் ஜன்னல் தெரிகிறது.

வேறு விசேஷமில்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போடும்வரை காத்திருக்க முடியவில்லை. இத்துடன் ஆகஸ்டில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி.

படித்தாயா?

போன வாரம் அவர் கடைக்கு வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது, அவர் ஒரு டீச்சர், மாலைக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். கையில் தேர்வுக் குழுவின் கடிதமும் நிராகரித்த அறிக்கையின் நகலும் இருந்தன. கோபமாக வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் மெதுவாக, "தம்பி, நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துல நட்சத்திரம் இருந்துச்சான்னு கொஞ்சம் பாக்கணுமே" என்றார். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. "தேடிப் பாக்கணும் டீச்சர், எங்க வெச்சோம்னு தெரியல" என்றேன்.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். "கெடைக்கலையா? பரவாயில்ல. நான்தான் பாக்காம போட்டுட்டேன் போல. நானூறு எடத்துல இல்ல, எனக்குத் தெரியாமப் போயிருக்கு பாருங்க. இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு. மூணாம் வருஷ வகுப்ப வேற யாருக்காவது குடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். தப்பா சொல்லிக் குடுத்துட்டா பாவம் இல்லையா?" என்றார். இருக்கிற புத்தியை இல்லை என்று ஒரு மனுஷியை நம்பவைத்துவிட்டேன், அக்கா. நட்சத்திரத்தை அழித்தது அவசரம். இழுப்பறையைத் திறக்காதது அவசரமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் மறந்துவைத்துவிட்டுப் போன அறிக்கை நகலைப் பார்த்தேன். பெயர் இல்லை, ஆனால் உன் வாக்கியம் எனக்குத் தெரியாதா? அதில் தேதி ஜூலை 12. ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் புத்தகத்தை எடுத்து ஆறாம் அத்தியாயத்தைப் படித்தேன். டைப்செட் செய்கிறவன் படிப்பதில்லை, பார்ப்பான். அதனால் நான் படித்தது அதுதான் முதல் தடவை. இப்படித் தொடங்குகிறது: "சென்ற அத்தியாயம் முழுக்க நம்கூடவே நடந்து வந்ததே ஒரு சின்ன நட்சத்திரம், அது யாரென்று ஒருவரும் கேட்கவில்லையே? வாருங்கள், இப்போது நிறுத்தி விசாரிப்போம்." அடுத்து அந்தக் குறியைக் காட்ட ஓர் அடைப்புக்குறி. உள்ளே ஒன்றுமில்லை, காலி. அதற்குப் பிறகு பதினெட்டுப் பக்கம் நட்சத்திரத்தைப் பற்றித்தான்.

நீ ஒரு பக்கம் திருப்பியிருந்தால் போதும், அக்கா. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த அருகதை இல்லை.

உன் தம்பி


அக்டோபர் 11

தம்பி,

முதலில் உன் கடிதங்களைக் கிழித்துப் போடலாம் என்று வந்தது. பிறகு உன்னை நேரில் வந்து அறையலாம் என்று வந்தது. அந்த ஜூலை 12-ஐ மறுபடி பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம். உனக்கு எட்டாம் தேதி எழுதிவிட்டு நான்காவது நாள் அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஆகஸ்டில் "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றது பொய். கோபம், தம்பி. அவ்வளவு நன்றாகத் தொடங்கிய புத்தகம் என்னை ஏமாற்றிவிட்டது என்று கோபம். இந்தத் தடவை என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற இறுமாப்பும்கூட. போன தடவை படிக்காமல் சரி என்றேன், இந்தத் தடவை படிக்காமல் தவறு என்றேன். உன் நோட்டைத் தூக்கிப் போட்ட கைதான் இது.

ஆறாம் அத்தியாயத்தை இன்று படித்தேன். என் முப்பது வருட வகுப்பில் நான் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே குழுத் தலைவரைப் பார்க்கப் போகிறேன். நடந்ததையும் நான் பாதியில் நிறுத்தியதையும் எழுத்தில் கொடுப்பேன். குழு இருபத்தைந்தாம் தேதி கடைசியாகக் கூடுகிறது. அதற்குள் கையெழுத்துப் போட்ட பக்கங்களின் நகல் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பக்கங்கள் டீச்சர் கைக்குப் போக வேண்டும். உனக்காக நான் பேச மாட்டேன். எனக்கு எழுதிவிட்டதால் பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே, நீ சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை. வகுப்பை விட்டுக் கொடுத்துவிட்டாராமே! ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே.

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே வியாதிதான்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே போனேன். இவளிடம் வழியில் சொன்னேன். "நானும் வரேன்" என்றாள். "வேண்டாம், இது நான் ஒண்டியாப் போக வேண்டிய எடம்" என்று பேருந்து நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுப் போனேன்.

மாலைக் கல்லூரியில் ஆசிரியர்கள் உட்காரும் அறை. நீளமான மேஜை, ஆளுக்கொரு அலமாரி. வகுப்பு இல்லாததால் டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாளில் ஏதோ எளிய கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தார், பத்துப் பதினைந்து தடவை, ஒரே கணக்கு. தனக்கு வருகிறதா என்று சோதித்திருக்கிறார். அதைப் பார்த்ததும் தயாரித்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன்.

பக்கங்களை மேஜைமேல் வைத்தேன். "நட்சத்திரம் எல்லாம் இருக்கு டீச்சர். நீங்க பாத்துத்தான் போட்டிருக்கீங்க. மறுநாள் நான்தான் அழிச்சேன். பக்கம் தொலையவும் இல்ல, என் இழுப்பறையிலதான் இருந்துச்சு. நீங்க கேட்டப்பவும் இருந்துச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்து ஒவ்வொரு நட்சத்திரத்தின்மேலும் விரல் வைத்துக்கொண்டே போனார். மூன்று நான்கு பக்கம் அப்படியே. பிறகு, "அப்ப நான் பாத்திருக்கேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றேன்.

"நீங்க போங்க தம்பி" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நகலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பதிப்பகத்துக்கும் போய்ச் சொன்னேன். மேலாளர் இனிமேல் வர வேண்டாம் என்றார்.

எதற்கும் நீ கவலைப்படாதே. உன் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்.

தம்பி


நவம்பர் 16

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நீ போய்ச் சொன்னாய் என்று படித்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன். எனக்கும் அந்தப் படிக்கட்டில் இறங்கின மாதிரிதான் இருந்தது.

குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். என்னை மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரிதான். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இன்னொரு மதிப்பீட்டாளரின் அறிக்கையைத் தலைவர் வாசித்தார். "மிகச் சிறப்பான நூல், குறைகள் ஏதுமில்லை, அச்சு நேர்த்தி." நானூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரம் இல்லாத புத்தகம்! அவர் அட்டையைத் தாண்டவே இல்லை. தலைவர் இரண்டு அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முடிவு இது. திருத்திய பிரதி ஜனவரிக்குள் வந்தால் புதிதாக இருவரைக் கொண்டு மறுபடி மதிப்பிடுவார்கள். தேறினாலும் அடுத்த கல்வியாண்டில்தான். இந்த வருடப் பிள்ளைகளுக்குப் பழைய புத்தகம்தான், அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கும். அவள் வருடம் போனதற்கு நானும் ஒரு காரணம் என்பதை எந்தக் குழுவிலும் எழுதிக் கொடுத்துத் தீர்க்க முடியாது. புத்தகத்திலிருந்து ஒன்றும் எடுக்க எனக்கு உரிமையில்லை, ஆனால் இப்போது வளையத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தி, "அது யாருன்னு ஏன் கேக்கல?" என்று கேட்கிறேன். நான்கு பேர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நீ கடைக்கு என்ன செய்கிறாய்? டீச்சர் என்ன ஆனார்? எதையும் பூசி மெழுகாமல் எழுது.

உன் அக்கா


டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். கடையில் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் என்று சில்லறை வேலைகள் வருகின்றன, வண்டி ஓடுகிறது.

டீச்சர் வந்தார். போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, கூடவே பதிப்பகத்து மேலாளரும் வந்தார். அவர் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருந்தது. திருத்த வேலையை வேறு கடைக்குக் கொடுப்பதாக ஏற்பாடாம். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லையாம். என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்: "எடுத்தது இவருதான். இவரே போடட்டும். நான் கூட ஒக்காந்திருப்பேன்."

பழைய கோப்பின் மேலேயே அன்று சேமித்துவிட்டதால், பழையபடி சேர்த்துவிட ஒரு கட்டளை போதாது, அக்கா. அழிக்க ஒரு வினாடி, திரும்ப வைக்கப் பதினோரு நாள். டீச்சர் கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்து வரியை வாசிப்பார். நான் வைப்பேன். இவள் எண்ணிக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றுக்கும் இது ஏன் இங்கே என்று கேட்டேன். முதல் இரண்டு நாள் எரிச்சலாகப் பதில் சொன்னார். மூன்றாம் நாள் தாளெடுத்து வரைந்து காட்டினார். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் அடியில் குறிப்பு எங்கே என்று தேட மாட்டேன்.

வகுப்பு அடுத்த பருவத்தில்தான் திரும்பக் கிடைக்குமாம். "அதுவரைக்கும் இதப் பாக்கலாம், நல்லதுதான்" என்றார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நேற்றோடு நானூற்றுப் பன்னிரண்டும் உட்கார்ந்துவிட்டன. எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்து அடுக்கி, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுக்கவில்லை.

"இந்தத் தடவை நீங்களும் போடணும் தம்பி. மொதல்ல நீங்க."

எங்கள் தொழிலில் அப்படி வழக்கமே கிடையாது. ஆசிரியர்தான் போடுவார், நாங்கள் வாங்கி வைப்போம். பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தின் மூலையில் கொண்டுபோய் வைத்தேன். வாசலில் பதிப்பகத்து ஆள் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, எனக்குக் கை வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எண்ணிக்கையும் சரி, இவளும் தலையாட்டினாள். ஆனாலும் வரவில்லை.

"டீச்சர், இன்னொரு தடவ மொதல் பக்கத்துலேர்ந்து பாத்துட்டுப் போடட்டுமா?" என்றேன்.

டீச்சர் வாசலில் நின்றவரிடம், "நாளைக்கு வாங்க சார்" என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உன் தம்பி